ஆறாத பருவும் அப்பாவி மச்சமும்

தோல் புற்றுநோய் என்றதும் நம் ஊரில் இரண்டு பேச்சு அடிபடும். ஒன்று, "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றது, நம்ம தோலுக்கு வராது." இன்னொன்று, "மச்சம் பெருசாகுதா? கேன்சரா இருக்கும், உடனே பாரு." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வினையே அந்தப் பாதியால்தான். கன்னத்தில் சின்ன வயதிலிருந்து இருக்கும் மச்சத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இருபத்திரண்டு வயதுப் பெண் தூக்கத்தைத் தொலைக்கிறாள். அதே வீட்டுத் தாத்தாவுக்கு மூக்கோரம் ஒரு சின்னப் புண். பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி தட்டும். ஒரு வருடமாக மெடிக்கல் கடைக் களிம்பைப் பூசிக்கொண்டு அவர் நிம்மதியாக இருக்கிறார். பயப்பட வேண்டியவர் பயப்படவில்லை, பயப்பட வேண்டாதவர் பயந்து சாகிறார்.

செய்திகளும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. 2023 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடனின் மார்பிலிருந்து ஒரு சிறு தோல் திட்டை எடுத்தார்கள். அது புற்றுநோய்தான், முழுமையாக எடுத்தாகிவிட்டது, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று அடுத்த மாதம் அவருடைய மருத்துவர் அறிவித்தார். நடிகர் ஹியூ ஜாக்மன் 2013லிருந்து மூக்கில் இதே வகையைப் பலமுறை எடுத்துக்கொண்டார், நடித்துக்கொண்டும் இருக்கிறார். பாடகர் பாப் மார்லிக்கோ 1977ல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடித்த தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவி, 1981 மே மாதம் 36 வயதில் உயிரைப் பறித்தது. தலைப்புச் செய்தியில் மூவருக்கும் ஒரே பெயர்தான் வரும். நோய் ஒன்றல்ல. அது புரிந்துவிட்டால் முகத்தில் தெரியும் ஒரு புள்ளியை எப்படிப் பார்ப்பது என்பதும் புரிந்துவிடும்.

## தோல் அடியிலிருந்து வளர்கிறது

முகத்தைத் தடவும்போது கைக்குப் படுவது மேல்தோல். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே ரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி எல்லாம் குடியிருக்கும் உள்தோல். மேல்தோலில் ரத்தக்குழாயே கிடையாது. சில கீறல்கள் ரத்தம் வராமலே ஆறிவிடுவது அதனால்தான்.

மேல்தோலின் ஆகக் கீழ் வரிசையில் இருப்பவை அடித்தளச் செல்கள். இவை ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பிறக்கும் புதிய செல்கள் மேல்நோக்கித் தள்ளப்படும். போகப்போகத் தட்டையாகி, செதில் செல் என்ற பெயர் பெறும். உச்சிக்கு வரும்போது அதற்கு உயிர் இருக்காது. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக் குளிக்கும்போது கையோடு வருவதில் பெரும்பங்கு இந்தச் செதில்தான். அடியில் பிறந்து மேலே உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும். இந்த நான்கு வாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடித்தளச் செல்களுக்கு இடையிடையே வேறொரு வகைச் செல் உட்கார்ந்திருக்கிறது: நிறமிச் செல். இது மெலனின் என்ற கருநிறப் பொருளைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அவை அதை வாங்கித் தம் மரபுப் பொருளுக்கு மேலே கவித்து வைத்துக்கொள்ளும். நார்வேக்காரர் தோலிலும் நம் தோலிலும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. நம்மிடம் மெலனின் துகள்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவியவை, சீக்கிரம் சிதையாதவை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆக, மேல்தோலில் மூன்று பேர்: அடித்தளச் செல், செதில் செல், நிறமிச் செல். தோல் புற்றுநோய்களில் முக்கியமானவையும் மூன்று, இந்த மூவருக்கும் ஆளுக்கொன்று.

## வெயில் எங்கே கை வைக்கிறது

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது எப்போது பிரியவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும், எப்போது சாகவேண்டும் என்ற கட்டளைகள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கின்றன. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது இந்த இழையில் பட்டால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைச் சரியாகப் படிக்க முடியாது. செல் பிரியும்போது அந்த இடத்தில் தப்பான எழுத்து விழுந்துவிடலாம்.

இது என்றோ ஒருநாள் நடக்கும் விபத்தல்ல, வெயிலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தினமும் நடப்பது. நாம் பிழைத்திருப்பதற்குக் காரணம், ஒட்டிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுச் சரியான எழுத்தைப் போடும் பழுதுபார்ப்பு ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருப்பதுதான். அந்த வேலை நடக்கும் விதத்தைத் துருவி ஆராய்ந்ததற்காக துருக்கியில் பிறந்த அசீஸ் சன்ஜார் 2015ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே இந்தப் பழுதுபார்ப்பு வேலை செய்யாத குழந்தைகளும் உண்டு. ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூட வயதிலேயே அவர்களுக்கு முகத்தில் புற்றுநோய் வந்துவிடும். குறை டி.என்.ஏ. பழுதுபார்ப்பில்தான் என்று 1968ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். வெயிலும் புற்றுநோயும் தொடர்புள்ளவை என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி தேவையில்லை.

பழுதுபார்த்தும் தப்பிவிடும் பிழைகள் வருடக்கணக்கில் சேர்கின்றன. கேடு அதிகமான செல்லைத் தானே செத்துப்போகச் செய்யும் ஒரு காவல் மரபணு உண்டு, அதன் பெயர் பி53. டக்ளஸ் பிராஷும் சகாக்களும் 1991ல் செதில் செல் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்தபோது, பலவற்றில் இந்த மரபணுவே கெட்டிருந்தது. கெட்டிருந்த விதமும் புற ஊதாக் கதிர் மட்டுமே விட்டுச் செல்லும் வகையாக இருந்தது. காவல் போய்விட்டால் மற்றப் பிழைகளைக் கேட்க ஆளில்லை.

ஒரு நாள் வெயிலில் அலைந்ததால் புற்றுநோய் வராது. பிழைகள் சேர இருபது, முப்பது, நாற்பது வருடம் பிடிக்கும். அதனால்தான் இது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய். அதனால்தான் இடமும் முகம்: மூக்கு, கண்ணோரம், காது மடல், கீழுதடு. அடித்தளச் செல் புற்றுநோயில் சுமார் 80 சதவீதம் தலையிலும் கழுத்திலும் வருகிறது.

## அருகம்புல் கணக்கு

முகத்தில் வரும் புற்றுநோயில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அடித்தளச் செல் புற்றுநோய். டாக்டர்கள் பேசல் செல் கார்சினோமா என்பார்கள், ரிப்போர்ட்டில் சுருக்கமாக பி.சி.சி. என்று வரும்.

வரப்பில் இருக்கும் அருகம்புல்லை மண்வெட்டியால் செதுக்கியவர்களுக்கு இந்த நோய் உடனே பிடிபடும். செதுக்கிய அன்று வரப்பு மொட்டையாகச் சுத்தமாக இருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் துளிர். மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடியிருக்கும் தண்டு அப்படியே இருப்பதுதான் காரணம். மேலே ஒரு சாண் புல் தெரிந்தால் அடியில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அருகு அந்த வரப்பைத்தான் பிடிக்கும், காற்றில் பறந்து பக்கத்து ஊருக்குப் போய் முளைக்காது.

அடித்தளச் செல் புற்றுநோயின் குணமும் இதுதான். மேலே ஒரு சின்னப் பரு அல்லது புண். பொருக்கு உதிர்ந்ததும் ஆறிவிட்டதாகத் தெரியும், களிம்பு கேட்டுவிட்டது என்று சந்தோஷப்படுவோம். உள்தோலில் இருக்கும் பகுதி அசையாமல் இருக்கும், சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி புண். வலிக்காது. வருடத்துக்கு ஒரு சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். 1827ல் டப்ளினில் ஆர்தர் ஜேக்கப் என்ற மருத்துவர் கண்ணிமையையும் முகத்தையும் அரிக்கும் ஒரு விசித்திரப் புண்ணைப் பற்றி எழுதினார். மிக மெதுவாக வளர்கிறது, வேதனை அதிகமில்லை, பக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவுவதில்லை, வெட்டி எடுத்தாலொழியத் தீருவதில்லை என்று அவர் அன்று குறித்து வைத்தது இன்றைக்கும் பொருந்துகிறது.

இது நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவது மிக மிக அரிது. அப்படியென்றால் விட்டுவிடலாமா? கூடாது. இருக்கும் இடத்தை அது விடாமல் தின்னும். மூக்கின் குருத்தெலும்பு, கண்ணிமை, பல வருடம் விட்டால் கண்குழி எலும்பு வரை போகும். உயிருக்கு ஆபத்து குறைவு, முகத்துக்கு ஆபத்து அதிகம். பைடனுக்கும் ஜாக்மனுக்கும் வந்தது இது.

## மற்ற இரண்டு

செதில் செல் புற்றுநோய் கொஞ்சம் வேகமானது. கெட்டியான, சொரசொரப்பான முடிச்சு. மேலே தடித்த செதில், சில சமயம் நடுவில் குழிந்த புண், தொட்டால் வலி. வாரங்கள், மாதங்களில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு, ஏறத்தாழ நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, தாடைக்கடியிலும் கழுத்திலும் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவுகிறது. காது மடலிலும் உதட்டிலும் வந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

மெலனோமா நிறமிச் செல்லின் புற்றுநோய். மூன்றில் இதுதான் உயிர்க்கொல்லி. நிறமிச் செல்லுக்கு ஊர்சுற்றும் சுபாவம் கருவிலேயே உண்டு. கரு வளரும்போது முதுகுப்பக்கம் உருவாகி, உடல் முழுக்க நடந்து போய்த் தோலில் குடியேறிய செல் அது. புற்றுநோயானதும் அந்தப் பழைய நடமாட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. எவ்வளவு பரந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் நோயாளியின் கதியைச் சொல்கிறது. 1970ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ இதை மில்லிமீட்டரில் அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், மச்சத்தை நினைத்து ராத்திரி விழித்திருப்பவர்களுக்காக. மெலனோமாக்களில் சுமார் 70 சதவீதம் பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாக முளைப்பவை. வருடக்கணக்காக மாறாமல் இருக்கும் மச்சம் அநேகமாகச் சாகும்வரை மச்சமாகவே இருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அடித்தளச் செல் வகை மெதுவானது, பரவுவது மிக அரிது, இடத்தை அரிக்கும். செதில் செல் வகை நடுத்தரம், சில சமயம் பரவும். மெலனோமா அரிது, ஆழம் போனால் கொல்லும்.

## நம் தோலில்

கருந்தோலுக்கு மெலனின் பாதுகாப்புத் தருவது நிஜம். 1979ல் செய்த ஓர் அளவீட்டின்படி, சன்ஸ்கிரீன் குப்பிகளில் போடும், வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். கணக்கில் கருப்பினத்தவரின் மேல்தோலுக்கு 13.4 மதிப்பு, வெள்ளையரின் மேல்தோலுக்கு 3.4. நாம் இடையில் எங்கோ இருக்கிறோம். மெலனோமா ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சத்தில் முப்பது பேருக்கு மேல் வருகிறது, இந்தியாவில் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. "நமக்கு வராது" என்ற பேச்சின் உண்மைப் பாதி இது.

பொய்ப் பாதி இனிமேல். நம்மவர்களுக்கு அடித்தளச் செல் புற்றுநோய் வரும்போது அது பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் இளஞ்சிவப்பு நிறத்தில் வராது. பெரும்பாலும் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ, ஓரம் பளபளவென்று, மச்சம் என்றே நினைக்கும்படி வரும். கூகுளில் தேடினால் கிடைக்கும் படங்களில் முக்கால்வாசி வெள்ளைத் தோல். அதைப் பார்த்துவிட்டு "என்னுடையது அப்படி இல்லையே" என்று ஆறுதல் அடைவதில் அர்த்தமில்லை.

மெலனோமா நமக்கு வந்தால் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். பாப் மார்லிக்கு வந்தது அந்த வகை. வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. செதில் செல் வகைக்கும் வெயில் மட்டுமே காரணமில்லை. பழைய தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத புண், ஓயாத உராய்வு ஆகியவையும் அதை வரவழைக்கும். காஷ்மீரில் குளிருக்கு வயிற்றோடு அணைக்கும் காங்ரி நெருப்புச் சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் வருகிறது. இடுப்பில் வேட்டி இறுக்கும் இடத்தில் வருவதை 1945லேயே வி. ஆர். கானோல்கர் பதிவு செய்தார், சேலைக்கட்டு இடத்தில் வருவதும் பிறகு பதிவாகியிருக்கிறது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைப் பல காலம் குடித்தவர்களுக்கு வருகிறது. முகத்தை விட்டு விலகிவிட்டேன், ஆனால் "வெயில் படாத இடம், அதனால் பயமில்லை" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டு வகையினர் மட்டும் இந்த இயற்கைப் பாதுகாப்பை நம்பி இருக்கக் கூடாது. ஒருவர், மெலனினே உருவாகாத வெண்மைப் பிறவிகள். தான்சானியா போன்ற நாடுகளில் இவர்களுக்கு இளம் வயதிலேயே முகத்தில் புற்றுநோய் வருகிறது. மற்றவர், சிறுநீரக மாற்று போன்ற சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள்.

## முகத்தில் இருப்பதில் பெரும்பாலானவை

சந்தேகப் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் மிளகு தூவியதாகத் தெரியும் சின்னச் சின்னக் கரும்புடைப்புகள் குடும்பவழியாக வருபவை, முப்பதுக்கு மேல் கூடும், ஒன்றும் செய்யாது. நெற்றியோரம், காதோரம் வயதானவர்களுக்கு வரும் கரும்பழுப்புத் தடிப்பு தோலின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும், நகத்தால் நிமிண்டினால் பெயர்ந்து வரும் போலிருக்கும். அதுவும் அப்பாவிதான், நிமிண்டாமல் இருந்தால் சரி. கழுத்தில் தொங்கும் மரு, இரண்டு கன்னத்திலும் சமமாகப் படரும் மங்கு, பரு ஆறிய கருமை, இவற்றுக்காக வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டுமானால் பிழியலாம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் இன்னும் கருக்கும்.

இவற்றின் பொது லட்சணம் மூன்று: பல இருக்கும், இருபுறமும் இருக்கும், வருடக்கணக்கில் மாறாமல் இருக்கும். சந்தேகப்பட வேண்டியது தனியாக நிற்கும், மாறிக்கொண்டே இருக்கும்.

## ஒரு மாதக் கணக்கு

தோல் தன்னைப் புதுப்பிக்கச் சுமார் நான்கு வாரம் என்றேன். பருவோ, சவரக் கீறலோ, கொசுக்கடியைச் சொறிந்த புண்ணோ அந்தக் காலத்துக்குள் ஆறிவிட வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் ஆறாத புண், அல்லது ஆறி ஆறி அதே இடத்தில் திரும்பும் புண், அதைத் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை வைத்துக்கொள்வதென்றால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. முகம் துடைக்கும்போது துண்டில் ரத்தம் ஒட்டுவது. ஓரம் உருண்டு பளபளப்பாக, நடுவில் குழிவாக இருப்பது. நாற்பதுக்கு மேல் புதிதாக வந்து தனியாக வளர்வது. கீழுதட்டில் விடாத வெடிப்பு அல்லது வெள்ளைத் தடிப்பு. கண்ணிமையில் ஒரே இடத்தில் மட்டும் மயிர் கொட்டுவதையும் இதில் சேருங்கள். பலரும் அதைக் கவனிப்பதில்லை.

ஏ, பி, சி, டி என்ற விதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், ஒழுங்கற்ற ஓரம், கலந்த நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். நியூயார்க்கில் 1985ல் மூன்று மருத்துவர்கள் மெலனோமாவைக் கண்டுபிடிப்பதற்காக வகுத்தது இது. 2004ல் "மாற்றம்" என்ற ஐந்தாவது அடையாளமும் சேர்ந்தது. நல்ல விதி, ஆனால் மெலனோமாவுக்கு மட்டும். மூக்கில் வட்டமாக, ஒரே நிறத்தில், 4 மில்லிமீட்டரில் இருக்கும் அடித்தளச் செல் புற்றுநோய் இந்தப் பரீட்சையில் முதல் நாலு கேள்வியிலும் தப்பிவிடும். என்னைக் கேட்டால், நம் முகத்துக்கு அந்த ஐந்தாவது அடையாளம் ஒன்றே மற்ற நான்கையும்விடப் பெறுமானமுள்ளது. மாற்றத்தைப் பார்க்க ஒரு சுலப வழி: பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து செல்போனில் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை போதும், தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. புண்ணாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், நேரே போங்கள்.

## "கத்தி பட்டால் பரவும்"

டாக்டர் முதலில் டெர்மோஸ்கோப்பை வைத்துப் பார்ப்பார். வெளிச்சத்தோடு கூடிய, சுமார் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கையடக்க லென்ஸ் அது. வலியில்லை, பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பயாப்ஸி: மரத்துப்போகும் ஊசி போட்டு, சந்தேக இடத்திலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் தோலை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அனுப்புவது. ஒன்றிரண்டு தையல், ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள்.

இங்கேதான் பலர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சதையைச் சீண்டினால் புற்றுநோய் உடம்பெல்லாம் ஓடிவிடும் என்ற பயம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக இருக்கிறது. "எங்க பெரியப்பாவுக்கும் சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, ஆறே மாசத்துல போயிட்டார்" என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. கதை பொய்யில்லை, காரணம்தான் மாறிவிட்டது. பல வருடம் தள்ளிப்போட்டு, பரவிய பிறகு வந்தவருக்கு அந்த நிலையில்தான் பயாப்ஸி எடுக்கிறார்கள். நோய் முற்றியிருப்பது அப்போதுதான் தெரியவருகிறது. முன்னால் நடந்ததைக் காரணம் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. தோல் புற்றுநோயில் பயாப்ஸி எடுத்ததால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பயாப்ஸி இல்லாமல் இது மூன்றில் எந்த வகை என்று உறுதியாகச் சொல்லவும் வழியில்லை, வகை தெரியாமல் சிகிச்சையும் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், டாக்டரின் கத்திக்குப் பயப்படும் அதே ஆட்கள் மருவுக்குச் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைக்கத் தயங்குவதில்லை. குதிரை முடியால் கட்டுகிறார்கள், பார்லரில் மெஷின் வைத்துச் சுட்டுக்கொள்கிறார்கள். சுட்டால் மேலே இருக்கும் புல் போய்விடும், அவ்வளவுதான். அடியில் ஓடியிருப்பது தழும்புக்குள் ஒளிந்துகொள்ளும், அடுத்த முறை தெரியும்போது பெரிதாகியிருக்கும். அதைவிட மோசம், சுட்டுப் பொசுக்கியதில் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பும் இப்படித்தான்: சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டு, குணமான தோற்றத்தைத் தரும். எனவே அழகுக்காகவே ஒரு மச்சத்தை எடுத்தாலும், "டாக்டர், எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

## எடுப்பது எப்படி

பெரும்பாலும் வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். சிறிய, எல்லை தெளிவான அடித்தளச் செல் புற்றுநோய்க்கு இது சுமார் 4 மில்லிமீட்டர். "இத்தனூண்டு புள்ளிக்கு இவ்வளவு பெரிய காயமா?" என்று அதிர்ச்சி அடைபவர்கள் அருகம்புல்லை நினைத்துக்கொள்ளலாம்.

மூக்கிலும் இமையிலும் 4 மில்லிமீட்டர் என்பது பெரிய சொத்து. அங்கேதான் மோஸ் அறுவை சிகிச்சை உதவுகிறது. 1930களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஃபிரெடரிக் மோஸ் இதைத் தொடங்கினார். மெல்லிய ஓர் அடுக்கை எடுப்பது, நோயாளி காத்திருக்கும்போதே அதன் ஓரங்களையும் அடியையும் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, எந்தப் பக்கம் மிச்சமிருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் இன்னோர் அடுக்கு எடுப்பது. முதல்முறை வந்த அடித்தளச் செல் புற்றுநோயில் ஐந்து ஆண்டுக் குணம் 99 சதவீதம் வரை சொல்லப்படுகிறது. நம் நாட்டில் இது சில பெரிய மையங்களில்தான் கிடைக்கிறது. இல்லாத இடத்தில் சாதாரண அறுவை சிகிச்சையே போதும், பக்கத்துத் தோலைத் திருப்பி மூடும் பிளாஸ்டிக் சர்ஜரியை அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் செய்கிறார்கள். அறுவை தாங்காத வயதானவர்களுக்குக் கதிர்வீச்சு, மேலோட்டமான சிலவற்றுக்குக் களிம்பு. மெலனோமாவும் பரவிய செதில் செல் வகையும் புற்றுநோய் டாக்டரின் வேலை, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

எடுத்தபின் வரும் ரிப்போர்ட்டில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: மார்ஜின். எடுத்த துண்டின் ஓரம் என்று பொருள். மார்ஜின் ஃப்ரீ அல்லது நெகட்டிவ் என்றால் ஓரத்தில் நோய் இல்லை, முழுதாக வந்துவிட்டது. பாசிட்டிவ் என்றால் ஓரம்வரை இருக்கிறது, உள்ளே மிச்சம் இருக்கலாம், மறுபடி எடுப்பதா என்று பேச வேண்டும். தையல் பிரித்ததோடு எல்லாம் முடிந்தது என்று ரிப்போர்ட் வாங்கவே போகாதவர்கள் உண்டு.

சன்ஸ்கிரீன் பற்றிக் கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 1992 முதல் 1996 வரை நடந்த சோதனையில், தினமும் பூசியவர்களுக்குச் செதில் செல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் வெள்ளைத் தோலினர். நம் தோலுக்கு அதே அளவு லாபம் இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒருமுறை முகத்தில் இந்த நோய் வந்தவர், வெண்மைப் பிறவிகள், மாற்று உறுப்பு பெற்றவர்கள் கட்டாயம் பூச வேண்டும். மற்றவர்களுக்குக் காசு இருந்தால் சரி, இல்லாவிட்டால் குடையும் அகலமான தொப்பியும் நல்ல வேலை செய்யும். தலையில் கட்டும் துண்டு நெற்றியைக் காக்கும், மூக்கையும் காதையும் காக்காது.

ஒருமுறை வந்தவருக்கு வேறோர் இடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை காட்டச் சொல்வார்கள். போகும்போது முகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், பிடரி, உள்ளங்கால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பவுடரும் மருதாணியும் அன்றைக்கு வேண்டாம்.